ஒரே ஆள், ஒரே வீடு, பல ரக இசை: 100 பிரதி ஆல்பம் இன்றைக்கு ஏன் முக்கியம்?

லோ-ஃபை என்றதும் இன்றைய தலைமுறைக்கு நினைவுக்கு வருவது யூடியூபில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருக்கும் அந்தக் கார்ட்டூன் பெண்தான். ஆபீஸ் வேலை பார்க்கும்போது, பரீட்சைக்குப் படிக்கும்போது, தூக்கம் வராதபோது பின்னணியில் ஓடவிடுகிற இசை. மெதுவான டிரம்ஸ், லேசான பியானோ, கொஞ்சம் கரகர சத்தம். அவ்ளோதான். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியதே தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் அதன் வேலையே.

ஆனால் இந்தச் சொல்லுக்குப் பின்னால் இன்னொரு கதை இருக்கிறது. அந்தக் கதையில் லோ-ஃபை என்பது பின்னணியில் சும்மா கிடக்கிற இசை அல்ல. மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை முகத்தை மாற்றிக்கொண்டு, 'இப்போ என்ன வரப்போகுது?' என்று கேட்பவரை நிமிர்ந்து உட்கார வைக்கிற இசை. அந்தக் கதையின் முக்கியமான பெயர் ஆர். ஸ்டீவி மூர். ஆல்பத்தின் பெயர் 'ஃபோனோகிராஃபி'. வெளியான ஆண்டு 1976. முதலில் அச்சிடப்பட்ட பிரதிகள் வெறும் 100.

பாப், ராக், கருவி இசை, பேச்சு, நகைச்சுவை என்று எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்த ஆல்பம் அது. இப்படிப்பட்ட ஆல்பங்களைப் பார்த்து 'ஒரு ஸ்டைல் இல்ல, ஒரு ஃபோகஸ் இல்ல' என்று சொல்வது வழக்கம். அந்தத் தீர்ப்பு தவறானது. தனியாக வேலை செய்யும் ஒரு கலைஞரின் ஆல்பத்தில் பல பாணிகள் இருப்பது குழப்பத்தின் அடையாளம் அல்ல; பல நேரங்களில் அதுதான் அந்த ஆல்பத்தின் உயிர். இன்றைய ஸ்ட்ரீமிங் உலகம் அந்த உயிரைத்தான் மெல்ல மெல்லக் குறைத்துக்கொண்டிருக்கிறது.

லோ-ஃபை என்ற பெயர் எங்கிருந்து வந்தது?

ஹை-ஃபை என்பதைத் தலைகீழாக்கிய சொல் இது. ஒலியை எவ்வளவு துல்லியமாகப் பதிவு செய்து திருப்பித் தர முடியுமோ, அதுதான் ஹை-ஃபை. அதற்கு நேர்மாறாக, டேப்பின் 'ஸ்ஸ்' சத்தம், அறையின் எதிரொலி, கொஞ்சம் பிசகிய குரல் எல்லாம் உள்ளே இருக்கிற பதிவுதான் லோ-ஃபை. நெடுநாள் இது ஒரு குறையைச் சொல்லும் வார்த்தையாகவே இருந்தது. அமெரிக்காவின் நியூஜெர்சியில் நேயர்களின் நன்கொடையில் நடக்கும் டபிள்யூ.எஃப்.எம்.யூ. வானொலியில், 1986-ல் வில்லியம் பெர்கர் என்ற டி.ஜே. வீட்டுப் பதிவுகளுக்காகவே ஒரு பகுதியை இந்தப் பெயரில் நடத்தினார். அதன் பிறகுதான் 'மோசமான ஒலி' என்ற பொருள் மாறி, 'வீட்டில் தானே செய்த இசை' என்ற பொருள் ஒட்டிக்கொண்டது.

ஆக, லோ-ஃபை என்பது முதலில் ஒரு பாணியின் பெயரே அல்ல. அது ஒரு வேலை முறையின் பெயர். அந்த முறையில் எந்தப் பாணியையும் செய்யலாம். இன்று நடந்திருப்பது என்னவென்றால், வேலை முறையின் பெயரை எடுத்து ஒரே ஒரு மனநிலைக்குச் சூட்டிவிட்டார்கள். பாத்திரத்தின் பெயர் பதார்த்தத்தின் பெயராகிவிட்டது.

யார் இந்த ஸ்டீவி மூர்?

1952-ல் டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரில் பிறந்தவர். நாஷ்வில் என்றால் கன்ட்ரி இசையின் தலைநகரம். அவருடைய அப்பா பாப் மூர் அந்த ஊரின் பெரிய ஆள். பாடகர் அல்ல, செஷன் பேஸ் கலைஞர். 'நாஷ்வில் ஏ டீம்' என்று அழைக்கப்பட்ட ஸ்டுடியோ கலைஞர்களின் குழுவில் முக்கியமானவர். எல்விஸ் பிரெஸ்லி, பேட்ஸி கிளைன், ராய் ஆர்பிசன், ரோஜர் மில்லர் என்று அந்தக் காலத்தின் பெரும் குரல்களுக்குப் பின்னால் ஒலித்தது அவருடைய பேஸ்தான். சிறுவன் ஸ்டீவியே 1959-ல், ஏழு வயதில், புகழ்பெற்ற பாடகர் ஜிம் ரீவ்ஸுடன் சேர்ந்து ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார்.

அந்த ஊரின் வேலை முறையைப் புரிந்துகொண்டால்தான் மகன் செய்தது எவ்வளவு பெரிய விலகல் என்று விளங்கும். நாஷ்வில் ஸ்டுடியோவில் ஒரு செஷன் என்றால் மூன்று மணி நேரம். அதற்குள் மூன்று, நான்கு பாட்டு முடிந்தாக வேண்டும். கோர்டுகளை எண்களாக எழுதும் சுருக்க முறை ஒன்றை அந்த ஊர்க் கலைஞர்களே உருவாக்கி வைத்திருந்தார்கள். பாடகரின் குரலுக்கு ஏற்ப சுருதி மாறினாலும் தாளில் ஒன்றையும் திருத்த வேண்டியதில்லை. எண்கள் அப்படியே இருக்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு கருவி, ஒரு வேலை. பேஸ்காரர் பேஸ் மட்டும். டிரம்மர் டிரம்ஸ் மட்டும். யாருடைய கையெழுத்தும் துருத்திக்கொண்டு தெரியக் கூடாது. அற்புதமான கைத்திறன்தான், ஆனால் அது முழுக்க முழுக்கப் பிரித்துக்கொடுக்கப்பட்ட வேலை.

அப்பா வேலைக்குப் போனது இப்படிப்பட்ட ஸ்டுடியோக்களுக்கு. மகன் வீட்டிலேயே உட்கார்ந்துகொண்டார். கிட்டார் அவரே, பேஸ் அவரே, டிரம்ஸ் அவரே, கீபோர்டு அவரே, பாட்டு அவரே, பதிவும் அவரே. பீட்டில்ஸ், பீச் பாய்ஸின் பிரையன் வில்சன், ஃபிராங்க் ஜப்பா எல்லாரையும் ஒருசேர ரசித்த இளைஞர் அவர். ஊர் முழுக்க ஒரே இசையில் தொழில் நடக்க, இவர் வீட்டில் எல்லா இசையையும் முயன்றுபார்த்தார்.

ஒரே ஆள் எப்படி இத்தனையும் வாசிக்க முடியும்?

இன்றைக்கு இந்தக் கேள்வியே சிரிப்பாக இருக்கலாம். ஐபோனில் இருக்கும் கராஜ்பேண்டில் 32 டிராக் வரை வைத்துக்கொள்ளலாம். பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டுத் திரும்பச் செய்யலாம். 1970-களின் வீட்டு டேப் ரெக்கார்டரில் அந்த வசதி இல்லை.

அன்றைய முறை இப்படி: முதலில் டிரம்ஸ் வாசித்து ஒரு டேப்பில் பதிவு செய்ய வேண்டும். அதை ஓடவிட்டு, கூடவே பேஸ் வாசித்து, இரண்டையும் சேர்த்து இன்னொரு டேப்பில் பிடிக்க வேண்டும். பிறகு அதை ஓடவிட்டு கிட்டார். அப்புறம் குரல். ஒவ்வொரு முறை ஒரு டேப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போதும் 'ஸ்ஸ்' சத்தம் ஒரு அடுக்கு கூடும். முதலில் வாசித்த கருவி கொஞ்சம் மங்கும். ஜெராக்ஸ் எடுத்த தாளையே திரும்பத் திரும்ப ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து எப்படிக் கரையுமோ, அப்படி.

இதில் முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. பேஸை டிரம்ஸோடு சேர்த்துவிட்டால், பிறகு பிரிக்க முடியாது. 'டிரம்ஸ் கொஞ்சம் கம்மியா வச்சிருக்கலாமோ' என்று மூன்று அடுக்கு கழித்துத் தோன்றினால், முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் 'இதுதான், இதோட விடு' என்று முடிவெடுத்தாக வேண்டும். அதனால் லோ-ஃபை என்பதைச் சோம்பேறித்தனமாக நினைப்பது தவறு. திரும்பிப் போக வழியில்லாத முடிவுகளை அடுக்கிக்கொண்டே போகிற வேலை அது. அந்த மங்கலும் இரைச்சலும் பிற்காலத்தில் பொத்தானைத் தட்டிச் சேர்க்கிற அலங்காரம் ஆகின. அன்றைக்கு அவை வேலையின் தழும்பு.

ஆல்பத்துக்குள் என்ன இருக்கிறது?

1974 முதல் 1976 வரை வீட்டில் பதிவு செய்தவற்றிலிருந்து பொறுக்கி எடுத்ததுதான் 'ஃபோனோகிராஃபி'. 'மெல்போர்ன்' என்ற கருவி இசையோடு தொடங்குகிறது. அடுத்து 'எக்ஸ்ப்ளனேஷன் ஆஃப் ஆர்ட்டிஸ்ட்' என்று கலைஞர் தன்னைப் பற்றியே பேசும் ஒரு துண்டு. பிறகு 'குட்பை பியானோ', 'ஐ'வ் பிகன் டு ஃபால் இன் லவ்' என்று நல்ல மெட்டு கொண்ட பாப் பாடல்கள். நடுவில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் எல்லாருக்கும் தெரிந்த 'ஆண்டி கிரிஃபித் ஷோ'வின் முகப்பு இசையை எடுத்துத் தன் கையால் வாசித்து வைத்திருக்கிறார். ரேடியோவில் பேசுவது போன்ற பேச்சுகள், கிண்டல், ராக் என்று போய், 'மூன்ஸ்' என்ற பாடலில் முடிகிறது.

முதல் முறை கேட்பவருக்கு, யாரோ ஒருவர் ரேடியோ ஸ்டேஷனை மாற்றிக்கொண்டே இருப்பது போலத் தோன்றும். உருகுகிற காதல் பாட்டு முடிந்த கையோடு கேலிப் பேச்சு வரும். 'இந்த ஆள் சீரியஸா, விளையாட்டா?' என்ற சந்தேகம் வரும். இரண்டுமே என்பதுதான் பதில். ஒரு மனுஷனுக்குள் காதலும் கேலியும் டி.வி. பார்த்த ஞாபகமும் பக்கத்துப் பக்கத்தில்தானே இருக்கின்றன? காலையில் உருகி, மதியம் சிரித்து, ராத்திரி பழைய விளம்பரப் பாட்டை முணுமுணுப்பதுதான் எல்லாருடைய நாளும். அதை ஒழுங்குபடுத்தி ஒரே மனநிலையாக ஆக்குவதுதான் உண்மையில் செயற்கை.

தமிழ் கேட்பாளர்களுக்கு இது அந்நியமான விஷயமும் அல்ல. ஒரு சினிமா ஆல்பத்தில் ஒரு மெலடி, ஒரு குத்து, ஒரு சோகம், ஒரு தீம் மியூசிக் வரிசையாக வரும். 'ஏன் இவ்ளோ கலவை?' என்று யாரும் கேட்பதில்லை. கதைக்கு அது தேவை என்று ஏற்றுக்கொள்கிறோம். மூரின் ஆல்பத்தில் சினிமா இல்லை, இயக்குநர் இல்லை, சிச்சுவேஷன் இல்லை. அந்த மனுஷனே கதை. கதைக்குக் கொடுக்கும் சலுகையை ஒரு தனி மனிதனுக்கு ஏன் கொடுக்கக் கூடாது?

அப்படியானால் ஆல்பத்தைச் சேர்த்துக் கட்டுவது எது?

பெரிய ஸ்டுடியோவில், பெரிய பட்ஜெட்டில் பல பாணிகளைச் செய்தால் ஒவ்வொரு பாட்டும் ஒவ்வொரு உலகமாகப் பிரிந்துபோகும். இதற்கு ஒரு கலைஞர் வருவார், அதற்கு இன்னொருவர் வருவார், ஒலியும் மாறும். வீட்டுப் பதிவில் அது நடக்காது. பாட்டு எந்த ரகமாக இருந்தாலும் டிரம்ஸ் அடிப்பது அதே கை. மைக் அதே மைக். கீழே ஓடுகிற டேப் இரைச்சல் அதே இரைச்சல். பாடுவது அதே கொஞ்சம் தயங்குகிற குரல்.

ஆக, வசதிக் குறைவுதான் இங்கே நூலாக இருந்து மணிகளைக் கோக்கிறது. ஒலியில் வேறுபாடு காட்ட முடியாத இடத்தில், எழுத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் வேறுபடலாம். பல பாணியும் லோ-ஃபையும் தற்செயலாக ஒன்றாக வந்தவை அல்ல. முன்னதைச் சிதறாமல் பிடித்துவைப்பது பின்னதுதான்.

இதற்கு முன்னும் பின்னும் பெரிய உதாரணங்கள் உண்டு. பீட்டில்ஸ் உடைந்த நேரத்தில், 1970-ல் பால் மெக்கார்ட்னி தன் பெயரிலேயே வெளியிட்ட ஆல்பத்தின் பெரும்பகுதியை வீட்டில் தனியாகவே வாசித்துப் பதிவு செய்தார். முடிந்த பாட்டும் முடியாத துண்டும் அதில் கலந்தே இருக்கும். புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982 ஜனவரியில் நியூஜெர்சி வீட்டில் நாலு டிராக் கேசட் ரெக்கார்டரில் பதிவு செய்தவற்றைத்தான் அதே ஆண்டு 'நெப்ராஸ்கா' என்று வெளியிட்டார்; பேண்டோடு சேர்ந்து திரும்ப வாசித்துப் பார்த்தும் வீட்டுப் பதிவின் உணர்வு வரவில்லை. ஆனால் அவர்கள் இருவருக்கும் பெரிய நிறுவனங்கள் பின்னால் இருந்தன. மெக்கார்ட்னி எதை வெளியிட்டாலும் வாங்க ஆள் இருந்தது. மூருக்குப் பின்னால் இருந்தது ஒரு உறவுக்காரர் மட்டும்தான்.

100 பிரதி எப்படிப் போனது?

நியூஜெர்சியில் இருந்த ஹாரி பால்மர் என்ற அங்கிள்தான், 'இதையெல்லாம் டேப்லயே வச்சுட்டு என்ன பண்ணப் போற?' என்ற தோரணையில் முன்வந்து அந்த ஆல்பத்தை வெளிக்கொண்டுவர உதவினார். 1976-ல் சொந்த லேபிள் பெயரில் 100 பிரதி. 1978-ல் பால்மரின் லேபிள் அதை மறுபடியும் வெளியிட்டது. இசைப் பத்திரிகையான 'ட்ரௌசர் பிரஸ்' கவனித்தது. அதே 1978-ல் மூர் நாஷ்வில்லை விட்டு நியூஜெர்சிக்கே குடிபெயர்ந்தார்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். சொந்தக் காசில் ரெக்கார்டு போடுவதைப் பெரும் இயக்கமாக மாற்றியதாகச் சொல்லப்படும் இங்கிலாந்தின் பஸ்காக்ஸ் பேண்ட், தங்கள் முதல் இசைத்தட்டை வெளியிட்டது 1977 ஜனவரியில். வீட்டுப் பதிவை எளிதாக்கிய டாஸ்காம் போர்ட்டாஸ்டுடியோ கடைக்கு வந்தது 1979-ல். 'ஃபோனோகிராஃபி' இரண்டுக்கும் முந்தியது. வழி இல்லாத இடத்தில் நடந்து போனவரின் காலடி அது.

1982-ல் மூர் தன் பெயரில் ஒரு 'கேசட் கிளப்' தொடங்கினார். ஆர்டர் வந்தால் வீட்டிலேயே கேசட் பிரதி எடுத்துத் தபாலில் அனுப்புவது. இப்படி அவர் தானே வெளியிட்ட ஆல்பங்கள் 400-க்கும் மேல். 'வீட்டுப் பதிவின் தாத்தா' என்ற ரேஞ்சில் அவரைக் கொண்டாடும் பிற்காலக் கலைஞர்கள் உண்டு. 2011-ல், ஏறக்குறைய 60 வயதில், கிக்ஸ்டார்ட்டரில் ரசிகர்களிடம் பணம் திரட்டித்தான் உலகச் சுற்றுப்பயணம் போனார்.

'தம்பி, ஏதாவது ஒண்ணைப் பிடிச்சுக்கோ'

சரி, இந்தப் பழைய கதைக்கும் இன்றைக்கும் என்ன சம்பந்தம்? நிறைய.

இன்று வீட்டில் இசை செய்பவர்களுக்குக் கிடைக்கும் முதல் அறிவுரை இதுதான்: 'ஏதாவது ஒண்ணைப் பிடிச்சுக்கோ. உன் ஆடியன்ஸ் யாருன்னு முடிவு பண்ணு. அதையே திரும்பத் திரும்பக் குடு.' இது கெட்ட எண்ணத்தில் சொல்லப்படுவதல்ல. ஸ்ட்ரீமிங் ஆப்கள் இயங்கும் விதம் அப்படி. 'தூங்க', 'படிக்க', 'ஜிம்முக்கு', 'மழைக்கு' என்று பிளேலிஸ்டுகள் மனநிலை வாரியாகப் பிரிக்கப்படுகின்றன. ஒரு பாட்டு அந்தப் பிளேலிஸ்டின் மனநிலையைக் கலைத்தால் கேட்பவர் அடுத்த பாட்டுக்குத் தாவுவார். தாவினால் அந்தப் பாட்டைப் பரிந்துரைக்கும் வாய்ப்பு குறையும். ஒரே ஆல்பத்தில் பத்து ரகம் வைத்திருக்கும் கலைஞரை எந்தப் பெட்டியில் போடுவது என்று இயந்திரத்துக்குப் புரிவதில்லை.

காசு கணக்கும் அதே திசையில்தான் தள்ளுகிறது. 2024 முதல் ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 12 மாதங்களில் குறைந்தது 1,000 முறையாவது கேட்கப்பட்டிருந்தால்தான் அந்தப் பதிவுக்கு ராயல்டி. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 'ஃபோனோகிராஃபி'யை வாங்கிய 100 பேரும் இன்று அதே ஆப்பில் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொருவரும் ஒரு பாட்டை ஆண்டுக்கு 9 முறை கேட்கிறார்கள். மொத்தம் 900. ராயல்டி பூஜ்ஜியம். 100 உண்மையான ரசிகர்கள் என்பது அன்றைக்கு ஒரு தொடக்கம். இன்றைய கணக்கில் அது எண்ணிக்கையிலேயே வராது.

இதன் விளைவு என்ன? வித்தியாசமாக ஒன்றைச் செய்து பார்க்கும் ஆசையைக் கலைஞரே முன்கூட்டியே வெட்டிவிடுகிறார். யாரும் தடுக்கவில்லை, தடை உள்ளேயே உட்கார்ந்துவிடுகிறது. கேலிப் பாட்டு ஹார்டு டிஸ்க்கில் தங்கிவிடுகிறது. அம்மா பேசியதைப் பதிவு செய்து நடுவில் வைக்கலாம் என்று தோன்றிய யோசனை, 'ஸ்கிப் பண்ணிடுவாங்க' என்ற ஒரே பயத்தில் செத்துப்போகிறது. 32 டிராக் கையில் இருந்தும் ஒரே ஒரு மனநிலைதான் வெளியே வருகிறது. இரண்டு டேப் ரெக்கார்டர் மட்டும் இருந்த காலத்தில் கலவை வந்தது. எல்லா வசதியும் இருக்கும் காலத்தில் ஒரே நிறம் வருகிறது. முரண் இதுதான்.

எதிர்த்தரப்பு சொல்வதில் நியாயம் இல்லையா?

இருக்கிறது. 'எல்லாத்தையும் செய்றவன் எதையுமே உருப்படியா செய்ய மாட்டான்' என்ற பேச்சு வெறும் பொறாமை அல்ல. தனியாக வேலை செய்பவருக்கு 'இது வேண்டாம்பா' என்று சொல்ல ஆள் இல்லை. பாப் மூர் மாதிரி ஒரே கருவியை வாழ்நாள் முழுக்க வாசித்தவரின் கைக்கு வரும் ஆழம், ஏழு கருவியையும் தொட்டுப்பார்ப்பவரின் கைக்கு வராது. 400 ஆல்பம் என்பது செல்வம்தான்; ஆனால் புதிதாக வருபவர் எங்கே தொடங்குவது? அத்தனையிலும் எது முத்து, எது உமி என்று பிரித்துத்தர ஒருவர் இல்லாதது உண்மையான குறை.

ஆனால் இந்த வாதம் அடிப்பது பல பாணியை அல்ல, தேர்வு இல்லாமையை. இரண்டும் வேறு. 'ஃபோனோகிராஃபி' நிற்பதற்குக் காரணம் அதில் எல்லாம் இருப்பதல்ல. இரண்டு ஆண்டுக்கும் மேலாகப் பதிவு செய்தவற்றிலிருந்து அது தேர்ந்தெடுக்கப்பட்டது என்பதுதான். எல்பி தட்டில் ஒரு பக்கத்துக்கு சுமார் 20 நிமிடம் என்ற எல்லை இருந்தது. எந்தப் பேச்சுக்குப் பிறகு எந்தப் பாட்டு வர வேண்டும் என்று யோசித்தாக வேண்டியிருந்தது. பல ரகம் வேண்டும். கூடவே கத்தரியும் வேண்டும். கத்தரி இல்லாத பல ரகம் வெறும் கிடங்கு.

இன்னொரு உண்மையையும் மறைக்கக் கூடாது. இந்தப் பாதை சோறு போடவில்லை. நியூஜெர்சியில் மூர் ரெக்கார்டு கடை வேலை பார்த்துக்கொண்டுதான் வீட்டில் பதிவு செய்தார். அவரைக் கொண்டாடும் கட்டுரைகள் பலவும் 'கவனிக்கப்படாத மேதை' என்று உருகுவதோடு நிறுத்திக்கொள்கின்றன. அந்த உருகலில் ஒரு ஆபத்து இருக்கிறது. வறுமையே கலைக்கு உரம் என்ற பழைய பொய்க்கு அது உயிர் கொடுக்கிறது. கலைஞருக்குக் காசு வராதது அழகல்ல. அது ஏற்பாட்டின் கோளாறு. 100 பேர் விரும்பிக் கேட்கிற இசைக்கு அந்த 100 பேர் அளவுக்காவது பணம் போய்ச் சேர வேண்டும். கேசட் கிளப்பில் அது நடந்தது: கேட்டவர் காசு அனுப்பினார், செய்தவர் கேசட் அனுப்பினார். தொகை சின்னது, ஆனால் கணக்கு நேர்மையானது.

வேலைக்குப் போய்க்கொண்டே இசை செய்பவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன?

ராத்திரி பத்து மணிக்கு லேப்டாப்பில் ஆபீஸ் விண்டோவை மூடிவிட்டு மியூசிக் ஆப்பைத் திறக்கிற இளைஞர்கள் இன்று ஏராளம். அவர்களில் பெரும்பாலானோர் இசையை நம்பிச் சாப்பிடுவதில்லை. மாதச் சம்பளம் வேறு இடத்திலிருந்து வருகிறது. பிறகு ஏன் பிளேலிஸ்டுக்குப் பயந்து ஒரே ரகத்தைச் செய்ய வேண்டும்? காசு வராத வேலையில் சுதந்திரமாவது மிஞ்ச வேண்டாமா? காசும் இல்லாமல் சுதந்திரமும் இல்லாமல் செய்வது யாருக்கு லாபம்? ஆப்புக்கு மட்டும்தான்.

மூரின் ஆல்பம் காட்டும் வழி எளிது. கருவிகளைக் குறைத்து, யோசனைகளைப் பெருக்குவது. ஒரே மைக், ஒரே அறை, கைக்கு வந்த நாலு ஒலி என்று எல்லையைப் போட்டுக்கொண்டால், அதற்குள் தாலாட்டும் கேலியும் ராக்கும் பேச்சும் தாராளமாக இருக்கலாம், ஆல்பம் சிதறாது. ஒவ்வொரு கட்டத்திலும் முடிவெடுத்துவிட்டு நகர்வது அடுத்த பாடம். 'அன்டூ' பொத்தான் இருக்கிறது என்பதற்காக ஒரே டிரம்ஸை மூன்று மாதம் திருத்திக்கொண்டிருப்பவர் பலர். கடைசியாக, முப்பது செய்து பன்னிரண்டை வெளியிடுவது. மிச்சத்தை வெளியே விடாமல் இருப்பதும் கலைதான்.

100 பேர் என்ற எண்ணுக்கும் பயப்படத் தேவையில்லை. அவர்களுடைய பெயரும் முகவரியும் கலைஞரிடம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. மூரிடம் இருந்தது. அதனால்தான் முதல் ஆல்பம் வந்து 35 ஆண்டுகள் கழித்தும் 'டூர் போகணும், உதவுங்க' என்று கேட்க அவருக்கு ஆள் இருந்தார்கள். ஆப்பில் இருக்கும் பத்தாயிரம் 'மாதாந்தர நேயர்'களுக்கு ஒரு கடிதம்கூடக் கலைஞரால் அனுப்ப முடியாது. அவர்கள் ஆப்பின் ஆட்கள்.

கேட்பவர்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது

பழியை முழுக்க இயந்திரத்தின் மேல் போடுவது வசதிதான். ஆனால் 'அடுத்தது' பொத்தானை அழுத்துவது மனித விரல். பின்னணி இசை தேவை, அதில் தப்பில்லை. எக்ஸெல் ஷீட்டோடு மல்லுக்கட்டும்போது நடுவில் யாராவது கிண்டலாகப் பேசினால் எரிச்சல்தான் வரும். ஆனால் இசை முழுவதையும் அந்த ஒரே வேலைக்குப் பழக்கிவிட்டால், கேட்பவரின் காதும் சுருங்கிப்போகும். பிடிக்காத பாட்டு வந்தால் பத்து நொடிகூடப் பொறுக்காத காது, கொஞ்ச நாளில் பிடித்திருக்கக்கூடிய பாட்டையும் தாண்டிப் போய்விடும்.

'ஃபோனோகிராஃபி' இன்று ஸ்ட்ரீமிங்கிலும் கிடைக்கிறது. கேட்பதற்கு ஒரு பஸ் பயண நேரம் போதும். ஒரே நிபந்தனை: ஷஃபிள் வேண்டாம், ஸ்கிப் வேண்டாம். முதல் கால் மணி நேரத்தில் 'என்னடா இது' என்று தோன்றும். பாதி கழிந்ததும் இது யாரோ ஒருவரின் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பது போலத் தோன்றத் தொடங்கும். ஒரு அறையில் பாடுகிறார், இன்னொரு அறையில் சிரிக்கிறார், டி.வி. ஓடுகிறது, டேப் இரைகிறது. ஆள் ஒருத்தர்தான்.

அப்படி ஒரு ஆல்பத்தை முழுசாகக் கேட்டு முடித்தவர், அடுத்த முறை பக்கத்து ஊர்ப் பையனோ பொண்ணோ வீட்டில் செய்து வெளியிட்ட ஆல்பத்தில் மூன்றாவது பாட்டு திடீரென்று வேறு மாதிரி மாறும்போது, கொஞ்சம் பொறுத்துப் பார்ப்பார். அந்தப் பொறுமைதான் இன்றைய தனிக் கலைஞர்களுக்குக் கிடைக்காத ராயல்டி. அதைக் கொடுக்க 1,000 பேர் சேர வேண்டியதில்லை, ஒருவர் போதும்.